கியூபைக் கணினியில் உடைத்துப் பார்ப்பது எப்படி: சிமுலேஷன் கற்கவும் கற்பிக்கவும்

"எம்25 என்றால் என்ன?" என்று மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில் கேட்டால் பதில் உடனே வரும்: 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் கான்கிரீட். அதைச் சோதிக்க வார்த்து உடைக்கும் கனசதுரத்துக்குத்தான் கியூப் என்று பெயர். "எல்லா கியூபுமா தாங்கும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள், மீதிப் பேர் புத்தகத்தைப் புரட்டுவார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 தரும் விளக்கம் இது: சோதனை முடிவுகளில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த வலிமைக்குக் கீழே போகாது என்று எதிர்பார்க்கிறோமோ, அந்த வலிமைதான் 25. ஆக, எம்25 என்ற பெயருக்குள்ளேயே ஒரு பரவலும், அதன் வாலும், ஒரு நிகழ்தகவும் உட்கார்ந்திருக்கின்றன.

நான் பொறியியல் கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். சிமுலேஷன் சொல்லித்தர இந்தக் கியூபைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. மாணவர்கள் அதைத் தங்கள் கையால் வார்த்திருக்கிறார்கள், தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறார்கள், மெஷினில் வைத்து உடைத்திருக்கிறார்கள். 150 மில்லிமீட்டர் கியூப் ஒன்று 25 நியூட்டனுக்கு உடைய 562.5 கிலோநியூட்டன் வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். ஒரே கலவையில் வார்த்த மூன்று கியூபும் ஒரே எண் காட்டாது என்பதும் தெரியும். பகடையையும் நாணயத்தையும் வைத்து ஆரம்பித்தால் பாடம் வகுப்பறையோடு நின்றுவிடுகிறது. கியூபை வைத்து ஆரம்பித்தால் அது சைட் வரை போகிறது.

இந்தக் குறிப்பு இரண்டு பேருக்கு: புள்ளியியல் வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கும், ஆய்வேட்டில் மான்டி கார்லோ (சமவாய்ப்பு எண்களைப் போட்டுப் பலமுறை ஓட்டி எண்ணும் சிமுலேஷன்) அத்தியாயம் ஒன்று எழுதப்போகும் ஆராய்ச்சி மாணவருக்கும். சிமுலேஷனில் கணினி செய்யும் வேலை குறைவு. எது மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது, எதோடு சேர்ந்து மாறுகிறது என்ற மூன்றையும் நாம்தான் எழுதித் தரவேண்டும். முதல் இரண்டை எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்றாவதைத் தொடாமலே லட்சம் முறை ஓட்டிய ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கீழே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் வகுப்பில் கணினி வேண்டாம்

எட்டுத் துண்டுக் காகிதம் போதும். தொட்டித் தண்ணீரில் ஊறிய நான்கு கியூபின் வலிமை 34, 31, 33, 30 என்று வைத்துக்கொள்வோம். சைட்டில் ஈரச் சணல் சாக்கு போர்த்தி வைத்த நான்கு கியூபின் வலிமை 29, 32, 28, 27. (வகுப்புக்காக நான் அமைத்த எண்கள் இவை.) சராசரி 32, 29. வித்தியாசம் 3. தொட்டிதான் சிறந்தது என்று சொல்லிவிடலாமா, அல்லது தற்செயலாகவே இப்படி வந்திருக்கலாமா?

எட்டு எண்களையும் எட்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கவிழ்த்துக் கலைத்து நான்கை எடுத்து 'தொட்டி' என்று வைக்கட்டும், மீதி நான்கு 'சாக்கு'. சராசரிகளின் வித்தியாசத்தைக் குறிக்கட்டும். மறுபடி கலைக்கட்டும். ஊறவைத்த முறைக்கும் வலிமைக்கும் சம்பந்தமே இல்லாத உலகம் ஒன்று அவர்கள் மேசைமேல் இருக்கிறது. அந்த உலகத்தில் தொட்டிப் பக்கம் 3 அல்லது அதற்கு மேல் உயர்ந்து நிற்பது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணவேண்டும், அவ்வளவுதான் வேலை. 50 பேர் ஆளுக்கு 20 முறை கலைத்தால் 1,000 கலைப்பு. அதில் 57-ஐ ஒட்டிய ஓர் எண் வரும்.

ஏன் 57 என்று கரும்பலகையில் காட்டிவிடலாம். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி. தொட்டிப் பக்கத்தின் கூட்டுத்தொகை 128 அல்லது அதற்கு மேல் வரும் வழிகள் நான்கே நான்கு. 4-ஐ 70-ஆல் வகுத்தால் 0.057. கலைத்து எண்ணிய விடையும் கணக்குப் போட்ட விடையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் பி-மதிப்பு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. சூத்திரத்திலிருந்து ஆரம்பித்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வகுப்பை நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கலைக்க ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை நோட்டில் பேனாவால் எழுதவேண்டும்: "1,000-ல் இத்தனை முறை வரும்." எழுதாதவருக்கு வரும் விடை எதுவானாலும் இயல்பாகவே தெரியும். எழுதியவருக்குத்தான் தன் ஊகத்துக்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் கண்ணில் படும். கணினிக்குப் போன பிறகும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். திரையில் ஓடும் அனிமேஷனை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் வகுப்புக்கும் பாடம் கற்ற வகுப்புக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு வரிதான்.

காகிதத்தில் செய்வதைச் சின்ன வேலை என்று நினைக்கவேண்டாம். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சின்ன சாம்பிள்களுக்காக இன்று டி-பரவல் என்று நாம் சொல்வதை இப்படித்தான் சரிபார்த்தார். 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் அவருக்குக் கிடைத்தன. அவற்றை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 சாம்பிள் எடுத்தார். ஒவ்வொரு சாம்பிளுக்கும் சராசரியும் திட்டவிலக்கமும் கணக்கிட்டு, தான் கண்டுபிடித்த சூத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் அது வெளிவந்தது. மின்னணுக் கணினி வர இன்னும் நாற்பது வருடம் இருந்தது.

மான்டி கார்லோ என்ற பெயரோடு இந்த முறை எழுந்ததும் சீட்டிலிருந்துதான். 1946-ல் உடம்பு சரியில்லாமல் ஓய்வில் இருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் தனியாள் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியில் முடிய என்ன வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்து, நூறு முறை ஆடி எண்ணிவிடுவது இதைவிடச் சுலபம் என்று யோசித்தார். ஜான் வான் நியூமன் அதை நியூட்ரான் ஓட்டத்துக்கான கணக்காக விரித்தார். 1949-ல் மெட்ரோபோலிஸும் உலாமும் அந்தப் பெயரிலேயே கட்டுரை எழுதினார்கள்.

ஷீட்டைத் திறக்கும் முன் நான்கு வாக்கியம்

இப்போது உண்மையான ஒரு பொறியியல் கேள்வி. ஐஎஸ் 456-ல் கான்கிரீட்டை ஏற்பதற்கு ஒரு விதி உண்டு. மூன்று கியூபின் சராசரி ஒரு 'முடிவு'. அடுத்தடுத்து வரும் நான்கு முடிவுகளின் சராசரி குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் குறையக்கூடாது. தனி முடிவு எதுவும் இன்னோர் அளவுக்குக் கீழே போகக்கூடாது. எம்25-க்குத் திட்டவிலக்கம் 4 என்று கொண்டால், முதல் அளவு 25 + 0.825 × 4 = 28.3, அரைக்கு முழுமையாக்கினால் 28.5. தனி முடிவுக்கு 22 என்று வைத்துக்கொள்கிறேன். 2000-ம் ஆண்டுப் பதிப்புக்குப் பிறகு வந்த திருத்தத்தில் இந்த எண்கள் மாறியிருப்பதால், உங்கள் கையில் இருக்கும் பிரதியைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு போடுங்கள்.

கேள்வி: ஒழுங்கான கான்கிரீட் இந்தச் சோதனையில் தோற்றுப்போக எவ்வளவு வாய்ப்பு? மட்டமான கான்கிரீட் தேறிவிட எவ்வளவு வாய்ப்பு?

கீபோர்டைத் தொடும் முன் மாடலை வாக்கியங்களாக எழுதச் சொல்வேன். மாணவர் எழுதவேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஒவ்வொரு முடிவும் இயல்நிலைப் பரவலிலிருந்து வருகிறது. திட்டவிலக்கம் 4. ஒழுங்கான கான்கிரீட்டின் சராசரி 31.6, மட்டமானதன் சராசரி 28. நான்கு முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை."

31.6 எங்கிருந்து வந்தது? 25 + 1.65 × 4. மிக்ஸ் டிசைனில் எல்லோரும் போடும் இலக்குச் சராசரிதான். சராசரி 28 என்றால், இயல்நிலைப் பரவலின்படி 23 சதவீத முடிவுகள் 25-க்குக் கீழே போகும். 5 சதவீதம் இருக்கவேண்டிய இடத்தில் 23. மட்டம் என்று சொல்ல அது போதும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை, "ஒன்றையொன்று சாராதவை" என்பதை, சிவப்பு மையால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

ஷீட்டில் ஓட்டுவது

எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. 'ரேண்ட்' சார்பு 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு சமவாய்ப்பு எண் தரும். 'நார்ம் டாட் இன்வ்' சார்பு மூன்று உள்ளீடு கேட்கும்: ஒரு நிகழ்தகவு, சராசரி, திட்டவிலக்கம். நிகழ்தகவு இருக்கவேண்டிய இடத்தில் ரேண்டை வைத்தால் ஒரு முடிவு தயார். என்ன நடக்கிறது என்பதை ஓர் எண்ணில் நிறுத்திக் காட்டுங்கள். சராசரி 31.6, திட்டவிலக்கம் 4 என்று இருக்கும்போது ரேண்ட் 0.5 கொடுத்தால் கட்டத்தில் 31.6 வரும். 0.9 கொடுத்தால் 36.7. 0.05 கொடுத்தால் 25.0. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் யாராவது ஒருவர் "அதுதானே எம்25!" என்பார். அந்த நிமிடத்தை அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் நான்கு நெடுவரிசைகளில் நான்கு முடிவுகள். ஐந்தாவதில் அவற்றின் சராசரி. ஆறாவதில் மிகக் குறைந்தது. ஏழாவதில் 'இஃப்', 'ஆண்ட்' சேர்த்து: சராசரி 28.5-க்குக் குறையாமலும் மிகக் குறைந்தது 22-க்குக் குறையாமலும் இருந்தால் 1, இல்லையென்றால் 0. இந்த வரிசையை 1,000 வரிசைக்கு இழுத்துவிடுங்கள். ஏழாவது நெடுவரிசையின் சராசரிதான் தேறும் நிகழ்தகவு. சராசரியையும் திட்டவிலக்கத்தையும் சூத்திரத்துக்குள் எண்ணாகத் திணிக்காமல் தனிக் கட்டத்தில் வைத்துக் குறிப்பிடுங்கள். மாற்றி மாற்றிப் பார்க்க அதுதான் வசதி.

விடையைப் பார்க்கும் முன் விடை தெரிந்த ஒன்றைச் சோதிக்கவேண்டும். சராசரி 31.6 என்று வைத்துக்கொண்டு, 4,000 கட்டங்களில் எத்தனை 25-க்குக் கீழே என்று எண்ணுங்கள். 198-ஐ ஒட்டி வரவேண்டும்; 170-க்கும் 226-க்கும் வெளியே அடிக்கடி போனால் சூத்திரத்தில் ஏதோ தப்பு. ஐந்தாவது நெடுவரிசையின் திட்டவிலக்கம் 2-ஐ ஒட்டி இருக்கவேண்டும், ஏனென்றால் 4-ஐ √4-ஆல் வகுத்தால் 2. ஆராய்ச்சியிலும் இதே ஒழுக்கம்தான். ஃபைனைட் எலிமென்ட் மாடல் (கட்டமைப்பைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) வைத்திருப்பவர், கைக்கணக்கில் விடை வரும் எளிய உத்தரம் ஒன்றை முதலில் அதே நிரலில் ஓட்டிக் காட்டவேண்டும். அதைக் காட்டாத மாடல் தரும் எந்தப் படத்தையும் நான் நம்புவதில்லை, எவ்வளவு வண்ணமாக இருந்தாலும்.

சரி, விடை. ஒழுங்கான கான்கிரீட் தேறுவது 100-க்கு 92 முறை. மட்டமானது தேறுவது 100-க்கு 38 முறை.

வகுப்பில் சத்தம் கிளம்பும். 23 சதவீதம் குறைபாடுள்ள கான்கிரீட் மூன்றில் ஒரு முறைக்கு மேல் தேறுகிறதா என்று கோபப்படுவார்கள். நல்ல கோபம்தான், அதைக் கேள்வியாகத் திருப்பிவிடுங்கள். ஒரு கட்டடத்தில் ஒரே ஒரு நான்கா எடுக்கிறோம்? ஐந்து தொகுதி எடுத்தால், ஐந்தும் தேற ஒழுங்கானதற்கு 66 சதவீத வாய்ப்பு, மட்டமானதற்கு 1 சதவீதத்துக்கும் கீழே. மட்டமானதை வடிகட்டும் விதி நீண்ட ஓட்டத்தில் வேலை செய்கிறது. ஆனால் அதற்கான விலையையும் பாருங்கள்: ஒழுங்காக வேலை செய்யும் ஒப்பந்ததாரர் மூவரில் ஒருவர் ஐந்தில் ஏதோ ஒரு தொகுதியிலாவது மாட்டிக்கொள்கிறார். நான்கு என்பதை எட்டாக்கினால் என்ன ஆகும், சராசரியை 33-க்கு உயர்த்தினால் எவ்வளவு சிமெண்ட் செலவில் எவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று பிள்ளைகளே மாற்றிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அங்கே நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதே ஷீட்டை வைத்து கோசெட்டின் வேலையையும் செய்துவிடலாம். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு முடிவுகளின் சராசரி இருக்கிறது; அந்த நான்கின் திட்டவிலக்கத்துக்கும் ஒரு நெடுவரிசை சேருங்கள். சராசரிக்கு இரு பக்கமும் 1.96 × திட்டவிலக்கம் ÷ √4 போட்டு '95 சதவீத நம்பிக்கை இடைவெளி' கட்டச் சொல்லுங்கள். எத்தனை இடைவெளிக்குள் உண்மையான 31.6 இருக்கிறது என்று எண்ணினால் 95 வராது; 85, 86 சதவீதம்தான் வரும். 1.96-ஐ எடுத்துவிட்டு டி-அட்டவணை தரும் 3.182 போட்டால் 95 வரும். டி-அட்டவணை எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

சிவப்பு மை போட்ட வாக்கியம்

"ஒன்றையொன்று சாராதவை" என்று எழுதினோம். சைட்டுக்குப் போய்ப் பாருங்கள். முந்தின இரவு மழை. எம்-சாண்ட் குவியல் நனைந்திருக்கிறது. மணலில் இருக்கும் ஈரத்தைக் கழிக்காமல் வழக்கமான அளவு தண்ணீரையே ஊற்றினால் நீர்-சிமெண்ட் விகிதம் ஏறிவிடும். அன்றைக்கு வார்க்கும் எல்லா லோடின் வலிமையும் சேர்ந்து இறங்கும். சிமெண்ட் பழையதாக இருந்தால் அன்றைய எல்லாமே இறங்கும். வைப்ரேட்டர் பிடிக்கும் ஆள் புதியவரானாலும் அப்படித்தான். நான்கு முடிவுகளும் ஒரே நாளில் எடுத்தவை என்றால் அவை நான்கு தனித்தனி சாட்சிகள் ஆகா. ஒரே வீட்டில் இருந்து வந்த நான்கு சாட்சிகள்.

இதை மாடலில் கொண்டுவருவது சுலபம். மொத்தத் திட்டவிலக்கம் 4 என்றால் அதன் வர்க்கம் 16. அதில் 9-ஐ நாளுக்குக் கொடுங்கள், 7-ஐ லோடுக்கு. அப்படியென்றால் நாளின் திட்டவிலக்கம் 3, லோடின் திட்டவிலக்கம் 2.65. ஷீட்டில் புதிதாக ஒரு நெடுவரிசை: சராசரி 0, திட்டவிலக்கம் 3 உள்ள ஒரு சமவாய்ப்பு எண், வரிசைக்கு ஒன்றே ஒன்று. அது அந்த நாளின் குணம். பழைய 4-ஐ எடுத்துவிட்டு, நான்கு முடிவுகளிலும் சராசரியோடு அதைக் கூட்டுங்கள்; கூடவே ஒவ்வொன்றுக்கும் தனியாக 2.65 திட்டவிலக்கத்தில் ஓர் எண்.

கவனியுங்கள்: எந்த ஒரு தனிக் கட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் எதுவும் மாறவில்லை. சராசரி அதே 31.6, திட்டவிலக்கம் அதே 4, 25-க்குக் கீழே போவது அதே 5 சதவீதம். தனித்தனியாகப் பார்க்கும் எந்த வரைபடத்திலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நான்கின் சராசரிக்குத் திட்டவிலக்கம் 2-லிருந்து ஏறக்குறைய 3.3 ஆகிவிட்டது. ஒழுங்கான கான்கிரீட் தோற்பது 8 சதவீதத்திலிருந்து 17, 18-க்கு ஏறிவிடுகிறது. மட்டமானது தேறுவது 38-லிருந்து 44-க்கு. நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டும் திறன் இரண்டு பக்கமும் குறைகிறது. கூட்டிய நெடுவரிசை ஒன்றுதான்.

ஆராய்ச்சி மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். மண்ணின் ஒட்டுத்திறனையும் உராய்வுக் கோணத்தையும் தனித்தனியாகச் சமவாய்ப்பில் எடுக்கிறீர்கள். அவை இரண்டும் சேர்ந்து மாறுமா? ஒரு தூணின் கான்கிரீட்டும் பக்கத்துத் தூணின் கான்கிரீட்டும் ஒரே லாரியில் வந்தவையா? ஒரே ரோலிங்கில் வந்த கம்பிகளின் வலிமை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம்? இதற்குத் தரவு இல்லை என்றால் பரவாயில்லை. தொடர்பு இல்லை, ஓரளவு உண்டு, நிறைய உண்டு என்று மூன்று நிலையில் ஓட்டி மூன்று விடையையும் போடுங்கள். விடை பெரிதாக மாறவில்லை என்றால் படிப்பவருக்கு அது நல்ல செய்தி. மாறினால், அடுத்து என்ன அளக்கவேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எத்தனை முறை ஓட்டுவது

எக்செலில் எண்களைப் புதுப்பிக்கும் எஃப்9 விசையை அழுத்த அழுத்த 1,000 வரிசை ஷீட்டில் 0.38 என்பது 0.36, 0.39, 0.37 என்று ஆடும். எவ்வளவு ஆடும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: √(நிகழ்தகவு × (1 − நிகழ்தகவு) ÷ ஓட்டங்கள்). 1,000 ஓட்டத்தில் 0.015, 10,000 ஓட்டத்தில் 0.005. இதன் இரு மடங்கை ± என்று விடையோடு சேர்த்து எழுதுங்கள். ஆட்டத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டவேண்டும். இன்னொரு தசம இடம் வேண்டுமென்றால் நூறு மடங்கு. '0.3794' என்று நான்கு இலக்கம் எழுதியவரிடம் ஓட்டங்கள் எத்தனை என்று கேட்டால் 1,000 என்கிறார். அப்படியென்றால் 0.38-க்குப் பிறகு வரும் இலக்கங்களுக்கு அர்த்தம் கிடையாது.

அரிதாக நடப்பதைத் தேடும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. இடிந்து விழும் நிகழ்தகவு பத்தாயிரத்தில் ஒன்று என்றால், அதை 10 சதவீதத் துல்லியத்தில் பிடிக்கச் சுமார் 10 லட்சம் ஓட்டம் வேண்டும். (100-ஐ அந்த நிகழ்தகவால் வகுத்தால் போதும், மனதில் வைத்துக்கொள்ள எளிது.) ஷீட்டில் எழுதிய சூத்திரத்துக்கு இது பெரிய விஷயமில்லை, ஆர் மொழியோ பைத்தானோ நொடியில் முடித்துவிடும். ஆனால் ஓர் ஓட்டத்துக்கு 20 நிமிடம் எடுக்கும் ஃபைனைட் எலிமென்ட் மாடலுக்கு 10 லட்சம் ஓட்டம் என்றால் 38 வருடம்.

அங்கே வழிகள் உண்டு. தோல்வி நடக்கும் பக்கமாகவே வேண்டுமென்று அதிக எண்களை எடுத்து, பிறகு எடைபோட்டுச் சரிசெய்யும் இம்பார்ட்டன்ஸ் சாம்பிளிங் ஒன்று. ஒவ்வொரு மாறியின் வரம்பையும் சம நிகழ்தகவுள்ள பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையிலிருந்தும் ஒன்று எடுக்கும் லத்தீன் ஹைப்பர்கியூப் இன்னொன்று. மெக்கே, பெக்மன், கனோவர் மூவரும் 1979-ல் தந்தது. சராசரியைக் கணிக்க லத்தீன் ஹைப்பர்கியூப் அருமையாக வேலை செய்யும். பரவலின் வாலில் இருக்கும் சின்ன நிகழ்தகவுக்கு அதை மட்டும் நம்பி இறங்கவேண்டாம். மூன்றாவது வழி, சில நூறு ஓட்டங்களை வைத்து மாடலுக்குப் பதிலாக நிற்கும் எளிய சமன்பாடு ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் லட்சக்கணக்கில் ஓட்டுவது. அப்போது அந்தச் சமன்பாட்டின் பிழை தோல்வி எல்லைக்குப் பக்கத்தில் எவ்வளவு என்று காட்டவேண்டும். நடுவில் நன்றாகப் பொருந்தி ஓரத்தில் விலகும் சமன்பாடு, நமக்கு வேண்டிய இடத்தில்தான் கைவிடும்.

சமவாய்ப்பு எண்களும் விதையும்

கணினி தரும் சமவாய்ப்பு எண்கள் ஒரு விதியின்படி வரிசையாக வருபவை. விதி மோசமாக இருந்தால் முடிவும் மோசம். 1960-களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாக இருந்த 'ராண்டு' என்ற முறை அதற்குச் சாட்சி: அடுத்தடுத்த மூன்று எண்களை ஒரு புள்ளியாக முப்பரிமாணத்தில் வரைந்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் போய் அடுக்கிக்கொண்டன. இன்று ஆர் மொழியில் இயல்பாக வரும் மெர்சென் ட்விஸ்டரும், பைத்தானின் நம்பை தொகுப்பு தரும் பிசிஜி64-ம் நம் வேலைக்குத் தாராளமாகப் போதும். நீங்களாக எழுதவேண்டாம்.

விதை என்று சொல்லும் தொடக்க எண்ணைக் கட்டாயம் குறித்து வையுங்கள். அதே விதையைப் போட்டால் அதே எண் வரிசை வரும். ஆறு மாதம் கழித்து நெறியாளர் "இந்த அட்டவணையை மறுபடி ஓட்டிக் காட்டு" என்றால் அதே விடை வரவேண்டும். ஷீட்டில் ரேண்டுக்கு விதை போட முடியாது. அதனால் ஆய்வேட்டுக்கு ஷீட்டை நம்பாதீர்கள், அது வகுப்புக்கு. கூடவே, விதையை மாற்றி மாற்றி ஓட்டி, பிடித்த விடை வந்த விதையை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை மாணவர்களிடம் முளையிலேயே கிள்ளிவிடுங்கள். வேலையை ஆரம்பிக்கும் முன்பே விதை தீர்மானமாகி இருக்கவேண்டும். பிறகு வேறு விதைகளிலும் ஓட்டி, ± அளவுக்குள்தான் விடை ஆடுகிறது என்று காட்டலாம்.

இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும்போது மட்டும் விதைக்கு இன்னொரு நல்ல பயன் உண்டு. இரண்டுக்கும் ஒரே விதையைப் போடுங்கள். இரண்டும் ஒரே மழையை, ஒரே சிமெண்டை, ஒரே நாட்களைச் சந்திக்கும். வித்தியாசத்தில் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் நன்றாகக் குறையும். சீட்டுக் கலைத்துப் பழகிய மாணவருக்கு இது ஏன் என்று ஒரு நிமிடத்தில் புரியும்.

ஆய்வேட்டில் என்ன எழுதவேண்டும்

மாடல் வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள், சிவப்பு மை போட்ட வாக்கியமும் சேர்த்து. ஒவ்வொரு பரவலையும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு ஒரு வரி: எதிர்மறையாகப் போகமுடியாத அளவுக்கு இயல்நிலைப் பரவல் போட்டிருந்தால் தேர்வாளர் கேட்பார், கேட்கவேண்டும். கம்பியின் வலிமைக்கு, எதிர்மறையாகவே போகாத லாக்-நார்மல் பரவல் போட்டால் வால் எப்படி மாறுகிறது என்று ஒரு முறை ஓட்டிக் காட்டுவது கேள்விக்கு முன்பே பதில் சொன்னதாக இருக்கும். ஓட்டங்களின் எண்ணிக்கை, விடையோடு ± அளவு, விதை, மென்பொருளின் பதிப்பு, விடை தெரிந்த சோதனையின் முடிவு ஆகியவை தவறாமல் வரட்டும். ± அளவு ஓட்டங்கள் போதாமையால் வரும் பிழையை மட்டுமே சொல்கிறது, மாடல் தவறாக இருப்பதால் வரும் பிழை அதில் அடங்காது என்பதையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கோடி முறை ஓட்டினாலும் அந்தப் பிழை குறையாது.

லேபில் உடைத்த உண்மையான கியூப் முடிவுகள் இருந்தால், வார்த்த தேதியோடு சேர்த்துப் பின்னிணைப்பில் வையுங்கள். நாளுக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்று பிரிக்க அடுத்து வரும் மாணவருக்கு அந்தத் தேதி வேண்டும். எங்கள் லேப் பதிவேட்டில் வலிமைக்குப் பக்கத்தில் தேதி, லோடு எண், அன்றைக்கு மணல் ஈரமா காய்ந்ததா என்று மூன்று கட்டம் சேர்த்திருக்கிறோம். நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.